கம்பளத்துக்குக் கீழே மலை

குளிரை விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான். மஹய்யாவையில் ஒரு சின்னக் கடை, வாசலில் ஏணி கட்டிய ஒரு வேன், கண்டியில் யாருக்கு எங்கே வேர்த்தாலும் அடிக்க ஒரு தொலைபேசி. முப்பத்தைந்து வருடம் இதுதான் என் உலகம். இப்போது ஓய்வு. வீட்டுக் கூடத்து மின்விசிறி மட்டும் கழற்றியபடியே மூன்று மாதமாக அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். குழாய் வளைப்பதையும் வாயு நிரப்புவதையும் நான் சொல்லித் தரத் தேவையில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், படிக்காததைக் கைபேசியில் பார்த்துக்கொள்வீர்கள். அதனால் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சூடு விற்கப்போன கதையைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிடுகிறேன். என் மனைவி அதைக் காது கேட்காத குறை என்று நினைக்கிறாள்.

பிலிமத்தலாவையில் கம்பளக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாருக்கு நான் வழமையான ஆள். அவருடைய கடைக்கும் வீட்டுக்கும் ஏசி போட்டவன் நானே. நான் பொறியியலாளர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவர் என்னை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது தடவைக்குப் பிறகு நானும் மறுப்பதை நிறுத்திவிட்டேன். மனிதன் பலவீனமானவன்.

ஒருநாள் அவர் கூப்பிட்டார். "இன்ஜினியர், ஒங்களுக்கு ஒரு புது மாதிரி வேல ஈக்கி. ஹுன்னஸ்கிரிய ஊட்டுக்கு சூடு போடணும்."

"சூடா?"

"குளிர் போடத் தெரிஞ்ச மனிசனுக்கு சூடு போடத் தெரியாம ஈக்குமா? அதே பெட்டியத் திருப்பி மாட்டினாச் சரிதானே?"

அவர் கேலியாகச் சொன்னது தொழில்நுட்பப்படி ஏறத்தாழ சரி என்பதுதான் இதில் வேடிக்கை.

குளிரான தேயிலை மலைப் பக்கமான ஹுன்னஸ்கிரியவில் அவர் கட்டியிருந்த வீடு, நம் மலைநாட்டு வீடுகள் பலவற்றைப் போலச் சரிவில் நின்றது. வீதியில் இருந்து பார்த்தால் ஒரு மாடி. உள்ளே போய்ப் படி இறங்கினால் கீழே இன்னொரு மாடி. கீழ்த்தளத்தின் பின்சுவர் முழுவதும் மலைக்குள் புதைந்திருக்கும். முன்பக்கம் மட்டும் ஒரு கதவும் இரண்டு ஜன்னல்களும் தோட்டத்தைப் பார்க்கும். அந்த அறையில் சுவரில் இருந்து சுவர் வரை மாதுளம்பழ நிறத்தில் கம்பளம். கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும்.

"இவ்வளவு தடிப்பு தேவையா ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"கார்ப்பட்காரன்ட ஊட்டுல தரை தெரியலாமா?" என்றார்.

ஆனால் அந்தக் கம்பளம் அவருடைய பெருமைக்காக மட்டும் போட்டதல்ல. அவருடைய மகள் ரிஸ்னா இயன்மருத்துவம் படித்தவர். பிறப்பிலேயே கைகால் இறுகிப்போன, நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் அப்படி ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கு அவர்களைத் தூக்கிக்கொண்டு வளைவுகளில் பஸ் ஏறிப் போய்வந்தால் தாய்க்கு ஒருநாள் வேலை போய்விடும். அதனால் ரிஸ்னா வாப்பாவிடம் கேட்டு அந்தக் கீழறையைப் பயிற்சி அறையாக்கியிருந்தார். பயிற்சியெல்லாம் தரையில்தான். பிள்ளைகள் உருள்வார்கள், குப்புறப் படுப்பார்கள், முழங்காலில் நிற்கப் பார்ப்பார்கள். கம்பளம் அவர்களுக்காக விரித்தது.

"அங்கிள், குளிர்தான் என்ட எதிரி," என்றார் ரிஸ்னா. "அரை மணித்தியாலம் பிடிச்சுப் பிடிச்சு ஒரு கையை இளக்குறன். ஒரு குளிர்க்காத்து வந்து ரெண்டு நிமிசத்துல திரும்ப இறுக்கிட்டுப் போவுது. ரெண்டு அம்மாமார் இனி வர இல்லன்னு சொல்லிட்டாங்க. மழை தொடங்க முன்னுக்கு இந்த அறை சூடாகல்லன்னா நான் மூடிருவன்."

அப்போது கம்பளத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி படுத்திருந்தாள். பெயர் தர்ஷிகா. எல்லோருக்கும் தர்ஷி. வலது கை முஷ்டியாக மூடியிருந்தது, கட்டைவிரல் உள்ளே. கையை மூடியிருக்கிறாள் என்று நினைத்து மிட்டாய் ஒன்றை நீட்டி "கையை விரிங்க பாப்பா" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா, "விரிக்கத்தாங்க இங்க வர்றோம்," என்றார். அந்த மிட்டாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டேன்.

வேலைக்கு வருவோம். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து, என் அழகான கையெழுத்தில் நான்கு வழிகளை எழுதினேன். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர்: பாதுகாப்பானது, ஆனால் சூடாக நேரமெடுக்கும், உருண்டுபோய் மோதும் பிள்ளை அதைத் தொட்டுவிடும். தரைக்கு அடியில் விரிக்கும் மின்கம்பிப் பாய்: மாதுளம்பழக் கம்பளத்துக்குக் கீழே அதைப் போடுவது மெத்தைக்கு மேலே படுத்தவனுக்கு மெத்தைக்குக் கீழே இருந்து ஒத்தடம் கொடுப்பது மாதிரி. சூடு மேலே வராது, கீழேயே தேங்கி எதையாவது கருக்கும். காஸ் ஹீட்டர்: பக்கத்தில் 'கூடாது' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டேன். அடைத்த அறையில், புகைபோக்கி இல்லாமல், உயிருள்ளவர்கள் இருக்கும் இடத்தில் நெருப்பு எரியவிடக் கூடாது. கடைசியாக, சூடும் குளிரும் இரண்டும் தரும் ஏசி. அதற்கு ஒரு சரி.

தீர்மானம் சரியானதுதான். 'கூடாது' என்ற அந்தச் சொல்லை நான் கொப்பியில் எழுதினேன், யாரிடமும் வாயால் சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

ஏசியைக் கொண்டுபோய் மாட்டினேன். எங்கே மாட்டினேன்? என் கை வழமையாக எங்கே மாட்டுமோ அங்கே. கூரைக்கு ஒரு சாண் கீழே. ஆயிரம் ஏசியாவது மாட்டியிருப்பேன், எல்லாம் மேலேதான், ஏனென்றால் குளிர்ந்த காற்று இறங்கும். சூடான காற்று ஏறும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். எனக்கும் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. போதாததற்குக் கதவு, ஜன்னல், நிலை என்று ஓர் இடைவெளி விடாமல் ரப்பர் பட்டி ஒட்டினேன். குளிர்அறை கட்டிப் பழகியவன் ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான். கடைசி ஜன்னலை மூடியபோது ஊசி நுழைய இடமில்லை. பெருமையாக இருந்தது.

பொத்தானை அமுக்கி அரை மணித்தியாலத்தில் என் தலை கொழும்பில் இருந்தது, கால் ஹுன்னஸ்கிரியவில். மேலே வேர்க்கிறது, கீழே விறைக்கிறது. பிள்ளைகள் இருப்பது கீழே. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி முழுவதும் பனித்தது. கூரையில் இருந்து ஒரு சொட்டு என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. கம்பளத்தில் இருந்து மழையில் நனைந்த ஆட்டின் வாடை அறையெங்கும் எழுந்தது. ஹாஜியார் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

தரையோடு வைக்கும் வகை ஏசி ஒன்றைக் கொழும்பில் இருந்து எடுக்க வேண்டும், இரண்டு கிழமையாகும் என்றேன். மறுநாள் ஹாஜியார் கூப்பிட்டார்.

"இன்ஜினியர், என்ட மச்சான்ட கடையில ஒரு காஸ் ஹீட்டர் சும்மா கெடக்கு. ஒங்கட பெட்டி வார வரைக்கும் கொண்டுவந்து வெக்கவா?"

தொழிலில் ஒரு பெரிய மனிதரின் வேலையைக் கெடுத்துவைத்திருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை, சத்தம் போடவில்லை, மாற்று வழி கேட்கிறார். அந்த வாய்க்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. நம்மாட்கள் மரியாதைக்குச் சொல்லும் சொல் ஒன்று இருக்கிறதே, கலியாண வீட்டிலும் கடன் கேட்டவனிடமும் சொல்வோமே, அதைச் சொன்னேன்.

"பார்க்கலாம் ஹாஜியார்."

என் மனதில் அது 'வேண்டாம்'. அவருடைய காதில் அது 'சரி'. அவரில் தவறில்லை. நானும் அவருடைய இடத்தில் இருந்தால் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அளவெடுக்க ஒரு காலை அங்கே போனேன். மலை முழுவதும் மூடுபனி, தேயிலைச் செடிகள்கூடத் தெரியவில்லை. தோட்டத்துப் பக்கமாக இறங்கினால், அறைக் கதவுக்கு வெளியே படியில் தர்ஷியின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் தர்ஷி, ஒரு கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு.

"ஏம்மா குளிர்ல உக்காந்திருக்கீங்க? உள்ள போங்க."

"உள்ள காத்து செத்துக் கெடக்குங்க ஐயா."

"என்ன?"

"தல பாரமா இருக்கு. புள்ள கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கா. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உள்ளே இதமான சூடு. எனக்கு முதலில் வந்தது பொறாமை. என் ஏசியால் முடியாததை மச்சான் கடை ஹீட்டர் செய்திருக்கிறது. சூடு வந்த செய்தி கேட்டு, இனி வரமாட்டோம் என்றவர்களும் வந்திருந்தார்கள். மற்ற நான்கு பிள்ளைகளும் கம்பளத்தில் அமைதியாகக் கிடந்தார்கள். தாய்மார் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். ரிஸ்னா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்கு எல்லாரும் எவ்வளவு அமைதி பாத்தீங்களா அங்கிள்," என்றார்.

ஹீட்டரின் சுவாலை மஞ்சளாக இருந்தது.

கதவின் ஓரத்தில் என் ரப்பர் பட்டி, நேராக, சுருக்கமில்லாமல், நான் ஒட்டியபடியே. நெருப்புக்குப் போதிய காற்று இல்லாவிட்டால் அது விடும் நஞ்சுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, எரிச்சல் கிடையாது. தூக்கம் மட்டும்தான் வரும்.

இந்த இடத்தில்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். ஆபத்தைக் கண்டதும் சத்தம் போட வேண்டும் என்று தோன்றும். கதவு ஒன்று, தாய்மார் நான்கு, தாமாக நகர முடியாத பிள்ளைகள் நான்கு, எல்லோருக்கும் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் 'ஐயோ' என்றிருந்தால் அந்தக் கதவில் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. காஸ் சிலிண்டரை மூடினேன். கதவை அகலத் திறந்து அதில் என் கருவிப்பெட்டியை வைத்தேன். பிறகு சொன்னேன்: "எல்லாரும் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க, ஒரு குரூப் போட்டோ எடுக்கணும். வெளிச்சம் நல்லா இருக்கு."

ஆபத்துக்கு அசையாதவர்கள் போட்டோவுக்கு அசைந்தார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டே எழுந்தார்கள். ஒருவர் தள்ளாடினார், நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து மூடுபனிக்குள் நின்று, ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல், என் வெளிச்சத்தைத் தேடினார்கள். "இவருக்கு என்னடி ஆச்சு?" என்று ஒரு தாய் இன்னொருவரிடம் கேட்டது காதில் விழுந்தது. நான் மறுபடி உள்ளே ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் இரண்டையும் திறந்தேன். ஒட்டும்போது அவ்வளவு சிரத்தையாக ஒட்டியிருந்தேன், பிய்த்துத் தள்ள நகம் உடைந்தது.

ரிஸ்னா முதலில் புரிந்துகொண்டார். என் முகத்தைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார், புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஒவ்வொரு பிள்ளையாக முகத்தைத் தட்டி, கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹாஜியாரின் கம்பளம் ஏற்றும் வேன் மேலே நின்றது. சுருட்டிய கம்பளங்களுக்கு மேலே பிள்ளைகளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒட்சிசன் கொடுத்தார்கள். பின்னேரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் அழத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் அழுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோசப்பட்ட கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஹாஜியார் வந்து ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் ஒங்களுட்ட கேட்டுத்தானே வெச்சேன், பாஸ்?"

பாஸ். மேசன் பாஸ், தச்சு வேலை பாஸ் என்போமே, அந்தப் பாஸ். இன்ஜினியர் பட்டம் அந்த வாங்கிலேயே பறிபோனது.

"கேட்டீங்க ஹாஜியார். நான்தான் சொல்லல்ல."

அவர் என் கையைப் பிடித்தார். அடித்திருந்தால்கூடக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ரிஸ்னாவும் மூடிவிடலாம் என்றுதான் நினைத்தார். மூன்றாம் நாள் கருவிகளை எடுத்துக்கொண்டுவர அந்த வீட்டுக்குப் போனால் தர்ஷியின் அம்மா மகளோடு அங்கே நிற்கிறார். மற்ற நால்வரும் வரவில்லை. ரிஸ்னா அவரிடம், "அக்கா, இனி கண்டிக்குத்தான் கூட்டிப்போகணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்டிக்குத் தூக்கிட்டுப் போனா எனக்கு வேல போகும், போகாட்டி இவ கை போகும்," என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்த அறைய நீங்க சூடாக்கப் பாக்குறீங்க. ஈரத்த எங்க அனுப்புறதா இருக்கீங்க?"

நான் கருவிப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்பவர். மலையில் பறித்துவரும் பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியில் இருந்து காற்று விட்டு ஈரத்தை எடுக்கும் வேலை. பதினான்கு வருடமாக அதுதான் அவருடைய தொழில்.

"மழைக் காலத்துக் கொழுந்து தண்ணியா வரும்," என்றார். "அவசரப்பட்டு சூட்ட விட்டா அவிஞ்சு நாறிப்போகும். மொதல்ல வெறுங்காத்துத்தான். ஈரம் எறங்குனப்புறம்தான் சூடு. அந்தக் காத்தும் கீழருந்து வரணும், மேலருந்து ஊதுனா மேல் எல மட்டும் காஞ்சு அடியில பச்சையா கெடக்கும்."

கூரைக்கு ஒரு சாண் கீழே தொங்கிய என் ஏசியை யாரும் பார்க்கவில்லை. பெருந்தன்மை.

"அப்புறம் அந்த அடுப்பு. எங்க ஃபாக்டரியில வெறகு போட்டு எரிக்கிறோம். ஒரு பொட்டுப் பொக தேயிலைல படக் கூடாது, பட்டா அந்த லாட்டே போச்சு. அதுக்காகப் பொகைய குழாயில தனியா வெளிய அனுப்பிட்டு, சூட்ட மட்டுந்தான் எடுக்குறோம். தேயிலைக்கே அப்புடிப் பாக்குறோம்ங்க."

கதவில் மிச்சமிருந்த ரப்பர் பட்டியை நான் பிய்த்தேன்.

அவர் குனிந்து பின்சுவர் மூலையில் கம்பளத்தை ஒரு பிடி பிடித்துக் கசக்கினார். கையை முகர்ந்தார். பிறகு மூலையைத் தூக்கி மடித்தார். கீழே சீமெந்துத் தரை கறுத்துப்போயிருந்தது. விரல் வைத்தால் விரல் நனைந்தது. என் பையில் ஈரம் அளக்கும் கருவி இருந்தது. வாங்கி இரண்டு வருடமாகிறது. அன்றைக்குத்தான் உறையைப் பிரித்தேன். அது காட்டிய எண்ணைப் பார்த்து நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"வந்து கேளுங்க," என்றார் அவர். பின்சுவரில் காதை வைத்திருந்தார்.

நானும் வைத்தேன். ரிஸ்னாவும் வைத்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், மலைக்கு உள்ளே, ஒரு மெல்லிய சத்தம். அவசரம் இல்லாமல் தண்ணீர் நடந்துகொண்டிருந்தது. மழை பெய்து பல நாளாகியிருந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை.

நான் நிறையப் படிப்பவன் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மலையைப் பற்றி, நீரைப் பற்றி எத்தனை பக்கம் வாசித்திருப்பேன். அன்றைக்குச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றபோது அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. இத்தனை நாளாக நான் சூடாக்கப் பார்த்தது ஓர் அறையை அல்ல, ஹுன்னஸ்கிரிய மலையை என்பது மட்டும் விளங்கியது. மலை சூடாகவில்லை. அதன் மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

மண்சரிவு பார்க்கும் உத்தியோகத்தரை வரவழைத்துச் சரிவைக் காட்டினோம். வீட்டுக்கு மேல்பக்கம் வடிகால் வெட்டியே ஆகவேண்டும் என்று அவரும் சொன்னார். இரண்டு பேர் மூன்று நாள் வெட்டினார்கள். நெஞ்சளவு ஆழத்தில், பாறை இடுக்கில் இருந்து அது வந்தது. சீறவில்லை, பாயவில்லை. கட்டைவிரல் தடிப்பில், கண்ணாடி மாதிரி. வெட்டியவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஹாஜியார் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கையை நீட்டினார். அப்படியே அந்தத் தண்ணீரில் கை கழுவி, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, தொழுகைக்கு முன் செய்வதுபோல வுழூச் செய்தார். ஏறி வந்து என்னிடம், "நான் காணி வாங்கினதாத்தான் நெனச்சிட்டு ஈந்தேன் பாஸ்," என்றார். அந்தத் தண்ணீர் இன்றும் ஓடுகிறது. எந்த மழையிலும் கூடவில்லை, எந்த வெயிலிலும் குறையவில்லை என்கிறார்கள்.

பிறகு அறைக்கு வந்தோம். மாதுளம்பழக் கம்பளத்தைச் சுருட்டித் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. ஹாஜியார் அதனோடு கொஞ்ச தூரம் கூடவே நடந்து போனார். சூடாக்குவதை மறந்துவிட்டு மின்விசிறிகளை மட்டும் வைத்து, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, வெறும் காற்று விட்டோம். முப்பத்தைந்து வருடத்தில் நான் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்த ஒரே வேலை. தர்ஷியின் அம்மா நாளுக்கு ஒரு தடவை வந்து தரையிலும் சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் இல்லீங்க." நான் கருவியை வைத்துப் பார்ப்பேன். இன்னும் இல்லைதான். ஒருநாள், "நாளன்னைக்கு சரியா வரும்," என்றார். அன்றைக்கு எனக்குள் ஒரு சின்ன ஆசை, கருவி ஜெயிக்க வேண்டும் என்று. மறுநாள் கருவி இன்னும் ஈரம் என்றது. அதற்கடுத்த நாள் சரி என்றது. கருவி எண்ணைத்தான் சொன்னது. நாளைச் சொன்னது அந்தக் கை. அதன் பிறகு அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருக்கும்.

தரையைக் கொழுந்துத் தொட்டி மாதிரியே அமைத்தோம். சீமெந்துக்கு மேலே நான்கு அங்குல உயரத்தில் மரச்சட்டம், அதன் மேல் பலகை. தரையோடு வைத்த புது ஏசி வெதுவெதுப்பான காற்றைப் பலகைக்கு அடியில் விடும். அது தரை முழுவதையும் தடவிக்கொண்டு போய், மலைச்சுவர் ஓரத்தில் விட்ட இடைவெளியால் மேலே வரும். பழைய காற்று வெளியே போக ஒரு சின்ன விசிறி, புதுக் காற்று உள்ளே வர ஒரு வழி. பலகைக்கு மேலே கம்பளம், ஆனால் சூட்டை மறிக்காத மெல்லிய கம்பளம்.

"என்ட கடையிலேயே ஆக மெல்லிசு இதுதான்," என்றார் ஹாஜியார் துக்கத்தோடு. "யாரும் கேட்டா என்ட ஊடுன்னு செல்லாதீங்க."

வேலை முடிந்து ஏசி கம்பெனிக்குக் கொடுக்கும் பத்திரத்தை நிரப்பும்போது 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. இத்தனை நாள் பழகியும் தர்ஷியின் அம்மாவுடைய பெயரை நான் கேட்டிருக்கவில்லை. போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "என் பேரு எதுக்குங்க? தர்ஷியம்மான்னு போட்டுக்கங்க." அப்படியே போட்டேன். பத்திரத்தைக் கொடுத்த அலுவலகத்தில் ஒரு பெடியன் அந்தப் பெயரைப் பார்த்து, இது எந்தக் கம்பெனி சார் என்று கேட்டான்.

முதல் நாள் பயிற்சி. வெளியே மழை. ஐந்து பிள்ளைகளும் வந்திருந்தார்கள், ஹாஜியார் தானே வேனில் போய் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒவ்வொரு லயமாக நின்று, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்திருந்தார். நானும் அவரோடு போயிருந்தேன், என் பங்கு மன்னிப்பைக் கேட்க. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன், வாயாலும் ஐந்து தடவை சொல்லியிருந்தேன்.

தர்ஷியைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். கன்னம் கம்பளத்தில். ரிஸ்னா அவளுடைய கையைத் தொடவில்லை. "இண்டைக்கு நான் இளக்கப் போறதில்ல. சும்மா பாப்பம்," என்றார். அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

நான் வெப்பமானியை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, அறிவிக்கத் தயாராக நின்றேன். இருபத்திரண்டு. தரையிலும் இருபத்திரண்டு, தலைக்கு மேலும் இருபத்திரண்டு. என் தொழில் வாழ்க்கையின் மிக அழகான எண்.

சுவருக்கு அப்பால் அந்தத் தண்ணீர் வடிகாலில் விழும் சத்தம் கேட்டது. தர்ஷி கண்ணை மூடியிருந்தாள். முதலில் சுண்டுவிரல். பிறகு அதற்கடுத்தது. கடைசியாக அந்தக் கட்டைவிரல், உள்ளே இருந்து, மெதுவாக வெளியே வந்தது. கை முழுவதும் விரிந்து, அம்மாவின் கைக்குப் பக்கத்தில், கம்பளத்தில் தட்டையாகக் கிடந்தது.

"பதமா இருக்குங்க," என்றார் அம்மா.

ஹாஜியார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் வெப்பமானியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். அங்கே அந்த மிட்டாய் இருந்தது. சலவைக்குப் போய் வந்த மிட்டாய், தாளோடு ஒட்டிக் கிடந்தது. பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய நிலையில் இல்லை. மேலே ஏறி, மழைக்குள் ஓடி, வீதியோரக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதை நான் அவளுடைய கையில் வைக்கும்வரை அந்தக் கை மூடவில்லை.